ஸ்ட்ரோக்கர் எஞ்சினுக்குக் கேம்ஷாஃப்ட்டும் வால்வு உறுப்புகளும்: எதை முதலில் வாங்குவது, எதைக் கடைசியில் வாங்குவது

முதல் ஸ்ட்ரோக்கர் எஞ்சினை, அதாவது ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) நீண்ட கிராங்கைப் பொருத்திக் கொள்ளளவு கூட்டிய எஞ்சினை, கட்டத் தொடங்கியபோது நான் வாங்கிய முதல் பொருள், வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் (சுருக்கமாகக் கேம்). விலைப்பட்டியலில் அதன் எண்கள் அழகாக இருந்தன என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. கிராங்க், கனெக்டிங் ராடு, பிஸ்டன் எல்லாம் வந்து சேர்ந்து, கையால் கிராங்கைச் சுற்றிப் பார்த்த அன்று, முக்கால் சுற்றில் எஞ்சின் நின்றுவிட்டது. ஒரு ராடின் போல்ட் தலை கேமின் லோபில், அதாவது வால்வைத் திறக்கவைக்கும் அதன் மேட்டில், முட்டிக்கொண்டிருந்தது. கேமை மாற்றினேன், அதனால் ஏற்கெனவே வாங்கியிருந்த புஷ்ராடுகளின் (கேமின் அசைவை மேலே கொண்டுசெல்லும் கம்பிகளின்) நீளம் பொருந்தாமல் போனது, புது லோபுகளின் லிஃப்ட்டை (வால்வு திறக்கும் உயரத்தை) வால்வுகள் அமர்ந்திருக்கும் சிலிண்டர் ஹெட்டோடு வந்த ஸ்பிரிங்குகள் தாங்கவில்லை. ஒரே வேலைக்கு மூன்று முறை பணம் கொடுத்தேன். நீங்கள் ஒரு முறை கொடுத்தால் போதும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்வது புஷ்ராடு வைத்த வி8 எஞ்சின்களுக்குப் பொருந்தும். உதாரணத்துக்கு எல்லோரும் அறிந்த செவ்ரலே 350-ஐ எடுத்துக்கொள்கிறேன். அதன் போர் (சிலிண்டரின் விட்டம்) 4.00 அங்குலம், ஸ்ட்ரோக் 3.48 அங்குலம். போரை 4.030 ஆக்கி, 3.75 அங்குல ஸ்ட்ரோக் உள்ள கிராங்கைப் பொருத்தினால் அது 383 கன அங்குலம் ஆகிறது. வேறு எஞ்சின் கட்டுபவர்கள் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். வேலையின் வரிசை மாறாது.

தொடங்கும் முன்: கையில் இருக்க வேண்டிய தாள்கள்

உதிரிபாகங்களைவிடத் தாள்கள்தான் முதலில் வேண்டும். பட்டறைக்காரர் போர், டெக் உயரம் (கிராங்கின் மையத்திலிருந்து பிளாக்கின் மேல்தளம்வரை), பேரிங் அளவுகள் ஆகியவற்றை எழுதிக் கொடுக்கும் அளவுத்தாள், பிஸ்டனுடன் வரும் விவரத்தாள், அதில் வால்வுப் பள்ளங்களின் கொள்ளளவும் பிஸ்டனின் உயரமும் இருக்கும், ஹெட்டின் காற்றோட்டத் தாள், ஸ்பிரிங்குகளின் விவரத்தாள், கேமின் அளவுகளை அச்சிட்டு அதனுடன் வரும் கேம் கார்டு. இவற்றில் எதையாவது தர மறுக்கும் விற்பனையாளரிடம் அந்தப் பொருளை வாங்காதீர்கள். பழைய பொருளாக வாங்கும்போது கேம் கார்டு இல்லாத கேம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அது உருக்குத் தண்டு மட்டுமே. இவற்றோடு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, நீங்கள் அளந்த ஒவ்வொரு அளவையும் தேதியுடன் அதில் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து எந்த கேஸ்கெட்டை வைத்து அளந்தோம் என்று நினைவிருக்காது, எனக்கு இருக்கவில்லை.

1. எஞ்சின் எந்தச் சுற்றில் உழைக்கப் போகிறது என்று எழுதி வையுங்கள்

எத்தனை குதிரைத்திறன் வேண்டும் என்று கேட்டுத் தொடங்குவது தவறான வழி. வண்டியின் எடை, கியர் விகிதம், ஆட்டோமேட்டிக் என்றால் டார்க் கன்வர்ட்டரின் ஸ்டால் வேகம் (வண்டி நகராதபோது எஞ்சின் எட்டக்கூடிய உச்சச் சுற்று), பிரேக் பூஸ்டருக்கு வெற்றிடம் வேண்டுமா, கார்புரேட்டரா எலெக்ட்ரானிக் எரிபொருள் செலுத்தியா என்பவற்றை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். கேம் தயாரிப்பாளரின் ஆலோசகர் உங்களிடம் கேட்பதும் இவற்றைத்தான். பதில் தயாராக இருந்தால் அவர் சொல்வதன் தரமும் உயரும்.

ஸ்ட்ரோக்கர் எஞ்சினில் புதியவர்கள் கவனிக்கத் தவறும் ஒன்று இருக்கிறது. கொள்ளளவு கூடியதும் அதே கேம் சிறியதுபோல நடந்துகொள்ளும். 350-இல் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காத நிலையில்) குலுங்கிக்கொண்டிருந்த கேம், சுமார் 9 சதவீதம் பெரிதான 383-இல் அடங்கிப்போகும். ஹெட்டும் கேமும் மாறாவிட்டால் உச்சத் திறனும் கீழ்ச்சுற்றுக்கு இறங்கும்: நிமிடத்துக்கு 6,000 சுற்றில் வந்த உச்சம், தோராயக் கணக்கில் 5,500-ஐ ஒட்டி வரும். எனவே 350-க்கு என்று பரிந்துரைக்கப்பட்ட கேமைவிட ஓர் அளவு பெரியதை எடுப்பதில் நியாயம் உண்டு. ஆனால் அதையே சாக்காக வைத்து மூன்று அளவு பெரியதுக்குத் தாவுபவர்கள் அதிகம். ஸ்ட்ரோக் நீண்டதால் கிடைத்த கீழ்ச்சுற்று டார்க்கையே (திருகுவிசையையே) அவர்கள் இழக்கிறார்கள். பிஸ்டனின் வேகத்தையும் மறக்கக் கூடாது: 6,000 சுற்றில் 3.48 அங்குல ஸ்ட்ரோக்கில் சராசரி வேகம் வினாடிக்கு 17.7 மீட்டர், 3.75-இல் அது 19 மீட்டரைத் தொடுகிறது. கீழ்ப்பகுதி உறுப்புகள் எந்தச் சுற்றுவரை தாங்கும் என்று தெரிந்த பிறகே, அந்தச் சுற்றுக்கு மேல் திறன் தரும் கேமைப் பற்றி யோசிக்க வேண்டும்.

2. ராடும் கேமும் ஒன்றையொன்று தொடாமல் சுழல்கின்றனவா என்று பாருங்கள்

நான் மாட்டிக்கொண்ட இடம் இது. ஸ்ட்ரோக் நீளும்போது ராடின் பெரிய முனை, பிளாக்கின் உள்ளே அகலமான வட்டத்தில் சுற்றுகிறது. அதன் தோள்பட்டையும் போல்ட் தலையும் மேலே கேமின் லோபுகளையும், கீழே பிளாக்கின் ஓரங்களையும், எண்ணெய்த் தொட்டியையும் நெருங்குகின்றன. இந்த இடைவெளி எங்கும் 0.050 அங்குலத்துக்குக் குறையக் கூடாது.

பார்க்கும் முறை இது. மெயின் பேரிங்குகளுடன் கிராங்கைப் பொருத்தி, பிஸ்டன் வளையங்கள் இல்லாமல் பிஸ்டனும் ராடும் போட்டு, கேமை டைமிங் செயினுடன் சரியான நிலையில் இணைத்து, கிராங்கைக் கையால் முழுதாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் கேம் ஒரு சுற்றை முடிக்கும். ஒரே சுற்றோடு நிறுத்தினால் லோபுகளின் பாதி நிலைகளைப் பார்க்காமல் விட்டுவிடுவீர்கள். எட்டு ராடுகளையும் பாருங்கள். டைமிங் செயின் இல்லாமல் கேமை வெறுமனே செருகிப் பார்ப்பதில் பயன் இல்லை, ஏனெனில் ராடு உயர்ந்து வரும் அந்தக் கணத்தில் லோபின் மூக்கு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதே இங்கே முக்கியம். பின்னால் கேமை நான்கு டிகிரி முன்னகர்த்தினாலும் பின்னகர்த்தினாலும் இந்தச் சோதனையை மறுபடியும் செய்ய வேண்டும்.

இடைவெளி போதவில்லை என்றால் மூன்று வழிகள் உண்டு. ஸ்ட்ரோக்கருக்கென்றே தோள்பட்டை செதுக்கப்பட்ட, நட் இல்லாமல் திருகு போல்ட் வைத்த ராடுகளை வாங்குவது முதல் வழி. செலவு கூடுதல் என்றாலும் நான் இதையே பரிந்துரைப்பேன். இருக்கும் ராடைச் செதுக்குவது இரண்டாவது. இதை அனுபவமுள்ள பட்டறையே செய்ய வேண்டும், செய்த பிறகு எடைச்சமன் மீண்டும் பார்க்க வேண்டும். அடிவட்டம் (லோபின் மேடு நீங்கிய வட்டப் பகுதி) சிறியதான கேம் வாங்குவது மூன்றாவது. கேம் உருக்கு மெலிவதால் அதன் விறைப்பு குறைகிறது, லிஃப்டர் (லோபின் மேல் அமர்ந்து புஷ்ராடைத் தள்ளும் உருளை) கீழே இறங்குவதால் புஷ்ராடு நீள வேண்டியிருக்கிறது. மற்ற இரண்டும் முடியாதபோது மட்டும் இதை எடுங்கள்.

பழைய கேமை வைத்து முதற்கட்டமாகப் பார்த்துக்கொள்வது நல்ல எச்சரிக்கைதான். இறுதித் தீர்ப்பை ஓடப்போகும் கேமை வைத்தே எழுத வேண்டும். ஆகவே கேமை வாங்கும்போது, பொருத்திப் பார்த்த பின் திருப்பித்தர அனுமதி உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். லோபில் எண்ணெய்ப் பசை பூசியதும் பல இடங்களில் அந்த உரிமை போய்விடும்.

3. கம்ப்ரஷனைக் கணக்கிட்ட பிறகே டியூரேஷனைத் தேர்ந்தெடுங்கள்

வால்வு எத்தனை கிராங்க் டிகிரிக்குத் திறந்திருக்கிறது என்பதே டியூரேஷன். ஸ்ட்ரோக்கை நீட்டினால் கம்ப்ரஷன் விகிதம் தானாகவே ஏறும். 4.030 போரில் 3.48 ஸ்ட்ரோக்குக்கு ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 727 சிசி, 3.75-க்கு 784 சிசி. பிஸ்டன் மேல்முனையில் இருக்கும்போது எஞ்சும் இடம், அதாவது ஹெட்டின் அறை, கேஸ்கெட், பிஸ்டன் பள்ளம், டெக் இடைவெளி எல்லாம் சேர்ந்து 80 சிசி என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னதில் விகிதம் 10.1, பின்னதில் 10.8. வேறு எதையும் தொடாமலே இவ்வளவு ஏறிவிட்டது.

இந்த 10.8 தாங்குமா என்பதைத் தீர்மானிப்பது கேம். பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பிறகும் இன்டேக் வால்வு திறந்தே இருக்கும். அது மூடிய பிறகுதான் உண்மையான அழுத்தம் தொடங்குகிறது. 6.0 அங்குல ராடுடன் மேலே சொன்ன 383-இல், இன்டேக் வால்வு கீழ்முனைக்குப் பின் 52 டிகிரியில் மூடினால் இயங்குநிலை விகிதம் (வால்வு மூடிய புள்ளியிலிருந்து கணக்கிட்ட கம்ப்ரஷன் விகிதம்) சுமார் 9.4 வரும். அதே வால்வு 64 டிகிரியில் மூடினால் 8.7 ஆகக் குறையும். பங்கில் கிடைக்கும் சாதாரண பெட்ரோலுக்குப் பலரும் 8 முதல் 8.5 வரை என்ற எல்லையை வைத்துக்கொள்கிறார்கள்; இரும்பு ஹெட் என்றால் அந்த எல்லையின் கீழ்ப்பக்கம் நில்லுங்கள். 8.7-இலிருந்து உள்ளே வர, பிஸ்டன் பள்ளத்தில் ஏறத்தாழ 4 சிசி கூட்டினால் போதும்: நிலையான விகிதம் 10.3, இயங்குநிலை விகிதம் 8.3. பிஸ்டன் வாங்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டவருக்கு இதற்குச் செலவே இல்லை. வாங்கிய பின் போடுபவர், அழுத்தத்தைக் குறைப்பதற்காகவே தனக்குத் தேவையில்லாத பெரிய கேமை வாங்க நேரிடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. வால்வு மூடும் டிகிரியை, விளம்பர டியூரேஷனிலிருந்து (மிகச் சிறிய லிஃப்ட்டிலிருந்தே எண்ணுவது) எடுப்பதும் 0.050 அங்குல லிஃப்ட்டிலிருந்து எடுப்பதும் வெவ்வேறு விடைகளைத் தரும். மேலே நான் எடுத்தது விளம்பர டியூரேஷனின் மூடும் புள்ளி. ஒரு கேமை ஒரு முறையிலும் இன்னொன்றை மற்றொரு முறையிலும் கணக்கிட்டு ஒப்பிட்டால் எல்லாம் குழம்பிவிடும். கொள்ளளவையும் விவரத்தாளை நம்பாமல், அளவுக்குழாயும் கண்ணாடித் தகடும் வைத்து நீங்களே அளப்பது நல்லது.

4. கேம் கார்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ஒரு ஹைட்ராலிக் ரோலர் கேமின், அதாவது எண்ணெயால் தளர்ச்சியைத் தானே சரிசெய்யும், அடியில் சக்கரம் உள்ள லிஃப்டர்களுக்கான கேமின், கார்டில் இப்படி இருக்கிறது என்று கொள்வோம்: விளம்பர டியூரேஷன் இன்டேக் 276, எக்ஸாஸ்ட் 282, 0.050-இல் 224, 230, லிஃப்ட் 0.525, லோப் செபரேஷன் (இன்டேக், எக்ஸாஸ்ட் லோபுகளின் உச்சங்களுக்கு இடையேயான கோணம்) 110, இன்டேக் சென்டர்லைன் (மேல்முனைக்குப் பின் இன்டேக் லோபின் உச்சம் வரும் டிகிரி) 106.

விளம்பர டியூரேஷனை வைத்து இரண்டு தயாரிப்பாளர்களின் கேம்களை ஒப்பிடாதீர்கள். ஒருவர் 0.004 அங்குலத்திலிருந்து எண்ணத் தொடங்குவார், இன்னொருவர் 0.006-இலிருந்து, சாலிட் லிஃப்டர் (தானே சரிசெய்துகொள்ளாத திட லிஃப்டர்) கேம்களில் வேறொருவர் 0.020-இலிருந்து. எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் 0.050-இல் உள்ள எண் மட்டுமே.

இன்டேக் மூடும் புள்ளியைக் காண: சென்டர்லைன் 106, அதனுடன் 276-இன் பாதியான 138, கழித்தல் 180, விடை கீழ்முனைக்குப் பின் 64 டிகிரி. மூன்றாம் படியில் பயன்படுத்திய எண் இதுதான். இரண்டு வால்வுகளும் சேர்ந்து திறந்திருக்கும் ஓவர்லாப்பைக் காண: 276-இன் பாதியும் 282-இன் பாதியும் கூட்டினால் 279, அதிலிருந்து 110-இன் இருமடங்கான 220-ஐக் கழித்தால் 59 டிகிரி. ஓவர்லாப் கூடக் கூட ஐடில் கரடுமுரடாகும், வெற்றிடம் குறையும், பிரேக் பூஸ்டர் திணறும். லோப் செபரேஷன் 106, 108 எனக் குறுகினால் நடுச்சுற்றில் டார்க் குவியும். 112, 114 என விரிந்தால் ஐடில் சீராகும், எரிபொருள் செலுத்தியின் கணினிக்கும் அது ஒத்துப்போகும். தினசரி ஓட்டப்போகும் வண்டிக்கு 110-க்குக் குறைவாக நான் போக மாட்டேன். குலுங்கும் ஐடில் ஒலிக்காகக் குறுகிய கோணம் கேட்பவர்களைக் குறை சொல்லவில்லை, ஆனால் சிவப்பு விளக்கில் பிரேக்கை இருமுறை மிதிக்க நேரும்போது அந்த ஒலி இனிக்காது.

லிஃப்ட்டை ஹெட்டின் காற்றோட்டத் தாளோடு வைத்துப் பாருங்கள். தாளில் 0.500 அங்குலம்வரை காற்றோட்டம் ஏறி, அதற்குமேல் அசையாமல் நின்றால், 0.600 லிஃப்ட் ஸ்பிரிங்கைத் தேய்ப்பதற்கு மட்டுமே உதவும். இரண்டு ஹெட்களின் தாள்களை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே சோதனை அழுத்தத்தில், வழக்கமாக 28 அங்குல நீர்மட்டத்தில், எடுக்கப்பட்டவையா என்றும் பாருங்கள். ஸ்ட்ரோக்கருக்குக் காற்று கூடுதலாக வேண்டும். கையில் உள்ள பணம் ஹெட்டுக்கும் கேமுக்கும் சேர்த்துப் போதவில்லை என்றால், நல்ல ஹெட்டும் அடக்கமான கேமும் வாங்குங்கள்.

5. லிஃப்டர் வகையைத் தீர்மானியுங்கள்

அடி தட்டையான ஃபிளாட் டாப்பெட் மலிவு. ரோலர் விலை கூடுதல். கேமின் விலையை மட்டும் ஒப்பிட்டால் வித்தியாசம் பெரிதாகத் தெரியும், மொத்தச் செலவில் அது சுருங்கிவிடும். ஃபிளாட் டாப்பெட் கேமைப் பழக்குவதற்கென்று (முதல் ஓட்டத்தில் லோபும் லிஃப்டரும் ஒன்றோடொன்று பொருந்தவிடுவதற்கு) துத்தநாகமும் பாஸ்பரசும் கூடுதலாக உள்ள எண்ணெய் வேண்டும். வினையூக்கி மாற்றிகளைக் காப்பதற்காக இப்போதைய சாதாரண எண்ணெய்களில் இவை குறைக்கப்பட்டிருக்கின்றன. பழக்கும்போது ஒரு லோப் தேய்ந்தால் அதன் இரும்புத்தூள் எஞ்சின் முழுவதும் பரவும். புதுக் கட்டுமானத்தையே மறுபடி கழற்ற வேண்டும். இந்த அபாயத்தையும் விலையாகச் சேர்த்துக்கொண்டுதான் நான் ரோலர் பக்கம் சாய்கிறேன்.

ஃபிளாட் டாப்பெட்டைத் தேர்ந்தெடுத்தால் புதிய கேமுக்குப் புதிய லிஃப்டர்கள் கட்டாயம். பழைய லிஃப்டர் பழைய லோபோடு சேர்ந்து தேய்ந்தது. புது லோபை அது சில நிமிடங்களில் தின்றுவிடும். ரோலர் லிஃப்டர்களை நல்ல நிலையில் இருந்தால் மறுபடி பயன்படுத்தலாம்.

முதலில் ஃபிளாட் டாப்பெட்டுக்காக வார்க்கப்பட்ட பிளாக்கில் ரோலர் போடும்போது மறைந்திருக்கும் செலவுகள் வரும். லிஃப்டர்கள் திரும்பாமல் இருக்க இணைப்புப் பட்டை உள்ளவை வேண்டும். கேம் முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் பொத்தானும் அதைத் தாங்கும் உறுதியான முன்மூடியும் வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் கியரின் உலோகம் கேமின் உலோகத்தோடு பொருந்த வேண்டும். பில்லட் உருக்குக் கேமில் சாதாரண வார்ப்பிரும்பு கியரை ஓட்டினால் கியர் பற்கள் தேய்ந்துபோகும். எந்தக் கியர் பொருந்தும் என்று கேம் தயாரிப்பாளரிடமே கேளுங்கள்.

6. ஸ்பிரிங்: எண்களைக் கூட்டிக் கழித்துப் பாருங்கள்

முழுதாகக் கோர்த்து விற்கப்படும் ஹெட்களில் ஏற்கெனவே ஸ்பிரிங் இருக்கும். அது உங்கள் கேமுக்கானது என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. பெரும்பாலும் மிதமான ஃபிளாட் டாப்பெட் கேமை மனதில் வைத்துப் போட்டிருப்பார்கள். காலியான ஹெட்டை வாங்கி, கேம் தயாரிப்பாளர் சொல்லும் ஸ்பிரிங்கை, அதற்குரிய ரிடெய்னர் (ஸ்பிரிங்கின் மேல்மூடி), லாக் (அதை வால்வுத் தண்டில் பிடித்துவைக்கும் துண்டு), இருக்கையோடு ஒரே தொகுப்பாக வாங்குவதே மொத்தத்தில் மலிவு. ரிடெய்னரும் லாக்கும் 7 டிகிரி, 10 டிகிரி எனக் கோணம் வேறுபடும். இரண்டையும் கலந்துவிட்டால் வால்வு சிலிண்டருக்குள் விழக்கூடும்.

கணக்கு எளிது. பொருத்தும் உயரம் 1.800 அங்குலம், வால்வு மூடியிருக்கும்போது இருக்கையில் அழுத்தம் 130 பவுண்டு, ஸ்பிரிங் விறைப்பு அங்குலத்துக்கு 370 பவுண்டு, லிஃப்ட் 0.540 என்றால், முழுதாகத் திறக்கும்போது 130 உடன் 200 சேர்ந்து 330 பவுண்டு. ஹைட்ராலிக் ரோலருக்கு இது ஏற்ற எல்லைக்குள் இருக்கிறது. ஃபிளாட் டாப்பெட்டில் இவ்வளவு அழுத்தம் லோபுக்கு ஆபத்து. அடுத்து, ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றையொன்று தொடும் உயரம் 1.150 என்று விவரத்தாள் சொன்னால், திறந்த நிலையில் உயரம் 1.260, மிச்சம் 0.110. இந்த மிச்சம் 0.060-க்குக் கீழே வரக் கூடாது. ரிடெய்னரின் அடிப்பாகத்துக்கும் வால்வு சீலுக்கும் இடையே 0.050-ஆவது இருக்க வேண்டும். ராக்கரின் (புஷ்ராடின் அசைவை வால்வுக்குத் திருப்பும் நெம்புகோலின்) விகிதத்தை மாற்றும் பலர் இதைப் பார்க்காமல், சில நூறு கிலோமீட்டரில் சீல்களை நொறுக்கிவிட்டுப் புகைக்குக் காரணம் தேடுவார்கள்.

பொருத்தும் உயரத்தை ஒவ்வொரு வால்விலும் தனித்தனியே அளந்து, தகட்டு ஷிம் வைத்துச் சமப்படுத்துங்கள். பதினாறையும் அளக்க ஒரு மாலை நேரம் ஆகும்.

7. ராக்கர், ஸ்டட், வழித்தகடு

ராக்கர் விகிதம் லிஃப்ட்டை மாற்றும்: லோபின் உயரம் 0.350 என்றால் 1.5 ராக்கரில் 0.525, 1.6-இல் 0.560. விகிதத்தைக் கூட்டினால் ஆறாம் படியின் கணக்கை மறுபடி போடுங்கள். புஷ்ராடு செல்லும் துளையின் ஓரத்தில் உராய்கிறதா என்றும் பாருங்கள். தானே நேர்படும் ராக்கர்களும், புஷ்ராடை நேரே வைத்திருக்கும் வழித்தகடுகளும் ஒரே ஹெட்டில் இருக்கக் கூடாது, இரண்டும் ஒன்றோடொன்று சண்டையிடும். வழித்தகடு இருந்தால் கடினப்படுத்தப்பட்ட புஷ்ராடு வேண்டும். ஸ்பிரிங் அழுத்தம் கூடும்போது, ராக்கரைத் தாங்கும் ஸ்டட் 3/8 அங்குலத்தைவிட 7/16 நல்லது.

8. டிகிரி வீல் வைத்து கேமை அமைத்து, பிஸ்டன் இடைவெளியை அளவிடுங்கள்

கியர்களில் உள்ள இரண்டு புள்ளிகளையும் நேருக்கு நேர் வைத்துவிட்டால் போதும் என்று பலர் சொல்வார்கள். கிராங்கின் சாவித்துளை, கியர், கேமின் ஊசி ஆகிய ஒவ்வொன்றிலும் சிறு பிழை சேர்ந்து, நான் கண்ட ஓர் எஞ்சினில் நான்கு டிகிரி தள்ளியிருந்தது.

முதலில் டிகிரி வீலை (கோணக்குறிகள் உள்ள வட்டத் தகட்டை) கிராங்கில் மாட்டி, பிஸ்டன் நிறுத்தி (பிஸ்டனை ஒரே இடத்தில் தடுக்கும் கருவி) ஒன்றை வைத்து உண்மையான மேல்முனையைக் கண்டுபிடியுங்கள். கண்ணால் மதிப்பிட்ட மேல்முனை போதாது, பிஸ்டன் அங்கே பல டிகிரிக்கு அசையாததுபோல் நிற்கும். பிறகு முதல் சிலிண்டரின் இன்டேக் லிஃப்டரில் டயல் கேஜை வைத்து, உச்ச லிஃப்ட்டில் பூஜ்யமாக்கி, உச்சத்துக்கு 0.050 அங்குலம் முன்பும் 0.050 அங்குலம் பின்பும் டிகிரிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். 76-உம் 136-உம் வந்தால் சராசரி 106. கார்டில் உள்ளதும் அதுவே என்றால் முடிந்தது. எப்போதும் எஞ்சின் சுழலும் திசையிலேயே புள்ளியை நெருங்குங்கள். கடந்துவிட்டால் நன்றாகப் பின்னால் சென்று மறுபடி வாருங்கள், இல்லையேல் செயினின் தளர்ச்சி அளவில் சேர்ந்துவிடும்.

அதன் பிறகு பிஸ்டனுக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளி. ஹைட்ராலிக் லிஃப்டர் அழுத்தத்தில் இறங்கிப்போவதால் அதை வைத்து அளந்தால் பொய்யான, பாதுகாப்பானதுபோல் தோன்றும் எண் கிடைக்கும். சாலிட் சோதனை லிஃப்டரும், மெல்லிய சோதனை ஸ்பிரிங்கும், ஓடப்போகும் அதே தடிமன் கேஸ்கெட்டும் வையுங்கள். எக்ஸாஸ்ட் வால்வு மேல்முனைக்குச் சுமார் 10 டிகிரி முன்பும், இன்டேக் வால்வு சுமார் 10 டிகிரி பின்பும் பிஸ்டனை மிக நெருங்கும்; அந்த இடங்களைச் சுற்றிச் சில டிகிரிக்கு ஒருமுறை, வால்வைக் கையால் பிஸ்டன்வரை அழுத்தி டயல் கேஜில் பாருங்கள். உருக்கு ராடுகளுக்கு இன்டேக்கில் 0.080 அங்குலம், எக்ஸாஸ்ட்டில் 0.100 அங்குலம் குறைந்தபட்சம். அலுமினிய ராடு நீள்வதால் இன்னும் கூடுதலாக வேண்டும். வால்வின் விளிம்புக்கும் பள்ளத்தின் சுவருக்கும் இடையே பக்கவாட்டில் 0.050 இருக்கிறதா என்பதைக் களிமண் வைத்துப் பார்க்கலாம். கேமை முன்னகர்த்தினால் இன்டேக்கின் இடைவெளி குறையும், பின்னகர்த்தினால் எக்ஸாஸ்ட்டின் இடைவெளி குறையும். எனவே பிற்பாடு கேமை நகர்த்திப் பார்க்கும் எண்ணம் இருந்தால் இப்போதே அதற்கும் இடம் வையுங்கள்.

9. புஷ்ராடுகளைக் கடைசியில் வாங்குங்கள்

கேமின் அடிவட்டம், லிஃப்டரின் உள்கிண்ணம், பிளாக்கின் டெக் உயரம், கேஸ்கெட், ஹெட்டைச் செதுக்கிய அளவு, வால்வுத் தண்டின் நீளம், ராக்கரின் வடிவம் ஆகிய அனைத்தும் புஷ்ராடின் நீளத்தை மாற்றும். இவை எல்லாம் தீர்மானமாகி, எஞ்சினில் பொருந்திய பிறகு, நீளம் மாற்றக்கூடிய சோதனைப் புஷ்ராடு ஒன்றை வைத்து அளந்து, அந்த நீளத்தில் ஆர்டர் செய்யுங்கள். வால்வு முனையில் மார்க்கர் மை பூசி, சில சுற்றுகள் சுற்றினால் ராக்கர் முனை பட்ட தடம் தெரியும். அது முனையின் நடுவிலும் முடிந்தவரை குறுகலாகவும் இருக்கும் நீளமே சரியானது. தடம் நடுவில் இருந்தும் அகலமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் தேடுங்கள்.

ஹைட்ராலிக் லிஃப்டரின் முன்னழுத்தத்தையும் அந்த நீளத்தில் சேர்க்க மறக்காதீர்கள். சரிசெய்யக்கூடிய ராக்கரில், தளர்ச்சி நீங்கிய புள்ளியிலிருந்து அரைச் சுற்று என்பது வழக்கம். அங்குலத்துக்கு 24 புரி உள்ள 3/8 ஸ்டட்டில் அரைச் சுற்று 0.021 அங்குலம்.

காலமும் செலவும்

தனிப்பயன் கேம் அரைத்து வரச் சில வாரங்கள் ஆகும். பட்டறை வேலைக்கும் வரிசை இருக்கும். பட்டறையில் பிளாக்கை ஒப்படைத்த அன்றே கேமைத் தீர்மானிக்க அவசரப்படாதீர்கள். அளவுத்தாள் வந்து, கம்ப்ரஷன் கணக்கு முடிந்த பிறகு ஆர்டர் கொடுத்தாலும், ஹெட் வேலை முடிவதற்குள் கேம் வந்துவிடும். மொத்தத் தொகையில் ஒரு பகுதியை முதலிலேயே புஷ்ராடு, ஷிம், கேஸ்கெட், சோதனைக் கருவிகள் என்று ஒதுக்கி வையுங்கள். டிகிரி வீல், டயல் கேஜ், பிஸ்டன் நிறுத்தி, சோதனை ஸ்பிரிங் ஆகியவற்றை இரவல் வாங்கலாம். ஆனால் ஸ்பிரிங், லிஃப்டர், டைமிங் செயின் ஆகிய மூன்றிலும் மலிவுக்காகச் சமரசம் செய்யாதீர்கள்.

10. முதல் முறை இயக்கும்போது

ரோலர் கேம் என்றால் எண்ணெய்ப் பம்பை வெளியிலிருந்து சுழற்றி, ராக்கர்கள்வரை எண்ணெய் ஏறியதைப் பார்த்த பிறகு இயக்கினால் போதும். ஃபிளாட் டாப்பெட் என்றால் லோபுகளில் மாலிப்டினம் பசை பூசி, இரட்டை ஸ்பிரிங் இருந்தால் உள் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, எரிபொருளும் பற்றவைப்பும் சரியாக இருப்பதை முன்கூட்டியே உறுதிசெய்துகொண்டு இயக்குங்கள். ஸ்டார்ட்டரை நீண்ட நேரம் சுற்றவிட்டால் பசை வழிந்துவிடும். பற்றியவுடன் ஐடிலுக்கு இறங்க விடாமல் 2,000 முதல் 2,500 சுற்றுக்கு உயர்த்தி, சுற்றைச் சற்றே ஏற்றி இறக்கி 20 முதல் 30 நிமிடம் வைத்திருங்கள். அந்த நேரத்தில் ரேடியேட்டர் கசிவு தெரிந்தால் எஞ்சினை அணைத்துச் சரிசெய்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முடிந்ததும் எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றி, பழைய வடிகட்டியை வெட்டித் திறந்து உள்ளே மின்னும் துகள்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் ஓட்ட வேண்டாம். வால்வு மூடிகளைத் திறந்து, பதினாறு ராக்கர்களின் லிஃப்ட்டையும் டயல் கேஜில் அளந்து, நோட்டுப் புத்தகத்தில் எழுதியிருக்கும் முதல் அளவுகளோடு ஒப்பிடுங்கள்.